நடக்காத காளையின் பெயர் ஓம்

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது, காளையின் இடது தொடையில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு பச்சைக் கறை. அந்தத் தொடையை முந்தின நாள் மாலை நான்தான் கழுவியிருந்தேன். இரண்டு முறை சவர்க்காரம், மூன்று முறை தண்ணீர், அரை மணி நேரம் காற்றடிக்கும் இயந்திரம். வெள்ளைக் காளை. வைக்கோல் பரப்பிய இடம் நாலு எட்டு நீளம், மூன்று எட்டு அகலம். சாணம் கிடந்த இடம் ஒரு சாண். அந்தச் சாணைத் தேடிப் பிடித்து அதன்மேல் படுத்திருந்தது.

பாரிஸில் ஆண்டுதோறும் விவசாயக் கண்காட்சி நடக்கும் மண்டபம் அது. இளங்காளைகளுக்கான போட்டி பத்து மணிக்கு. என் பத்ரோன், அதாவது முதலாளி, முசியே பெர்தோ வந்தார். கறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு காளையின் பக்கம் குனிந்து, "இது உங்களுக்கு அழகா?" என்று கேட்டார்.

அவர் மாடுகளை "நீங்கள்" என்றுதான் அழைப்பார். மனிதர்களை "நீ" என்பார். ஊர் மேயருக்கும் நீ, மிருக வைத்தியருக்கும் நீ, வரி அலுவலகத்திலிருந்து வந்த அம்மையாருக்கும் நீ. காரணம் கேட்டபோது, "மாடு என்னை இன்னும் ஏமாற்றவில்லை" என்றார்.

நான் கறையைக் கழுவினேன். தண்ணீர் மிகக் குளிர்ந்தது. இரண்டு நாளில் மூன்றாவது முறையாக நானும் காளையோடு சேர்ந்து நனைந்தேன். குரல் முந்தின நாளே கரகரத்திருந்தது. ஏழு மணிக்குப் பத்ரோன் கோப்பி வேண்டுமா என்று கேட்டபோது வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நான் ரெத்ரெத், அதாவது ஓய்வு, எடுத்துக்கொண்டு பாரிஸில் தமிழர் கூடும் லா சப்பலில் வீட்டோடு இருக்கிறேன். பண்ணையில் என் இடத்துக்கு வந்திருப்பவர் சென்ற மாதம் தொலைபேசியில் கேட்டார். இப்போதெல்லாம் கன்று பிறந்தால் பெயரைக் கைத்தொலைபேசித் திரையில் தட்டுகிறார்களாம். பிழையாகத் தட்டினால் திரை சிவக்குமாம். "பழைய பதிவேட்டில் OM என்று இரண்டே எழுத்தில் ஒரு காளை இருக்கிறதே, அந்தப் பெயரை யார் வைத்தது?" நான்தான் வைத்தேன். எப்படி என்பது தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை அல்ல.

என்னைப் பற்றித் தேவையானது மட்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் பதினொரு வருடம் பிழை திருத்தினேன். பாரிஸ் வந்து நாலு வருடம் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். அங்கே தலைமைச் சமையற்காரரின் மைத்துனருக்கு, நெவர் நகரத்துக்கு அப்பால் மாட்டுப் பண்ணை இருந்தது. விடியப்புறம் எழும்பக்கூடிய ஆள் தேவை என்றார்கள். போனேன். அந்த மைத்துனர்தான் முசியே பெர்தோ.

"மாட்டைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்.

"வீட்டில் ஒன்று இருந்தது."

"என்ன இனம்?"

"கறுப்பு."

அவர் என் கைகளைப் புரட்டிப் பார்த்து, "பா மால்" என்றார். மோசமில்லை என்று பொருள். அவருடைய பாராட்டுச் சொற்களில் அதற்கு மேல் ஒன்று கிடையாது. இருபத்திரண்டு வருட வேலையில் அந்தச் சொல்லை நான்கு முறை கேட்டேன். மூன்று எனக்கு. நான்காவது யாருக்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அது இறைச்சிக்காக வளர்க்கும் இனம். கறவை அல்ல. பசுவில் ஊறும் பால் கன்றுக்கே சரி. ஆண் கன்றுகளில் மிகச் சிலவே விதைக்காளைகளாக விற்கப்படும். மற்றவை கொழுக்க வைக்கப்பட்டு லாரியில் ஏறும். ஏற்றுவதும் என் வேலைதான். நான் மாட்டிறைச்சி தின்பதில்லை. ஆனால் தொடையைத் தொட்டுப் பார்த்து எத்தனை கிலோ தேறும் என்று சொல்வேன். பத்துக் கிலோவுக்கு மேல் பிசகியதில்லை.

இந்த விவரம் லா சப்பலில் யாருக்கும் தெரியாது. என் மனைவி பவளம் முதல் நாளே சொல்லிவிட்டாள். "மாட்டுப் பண்ணை எண்டு மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தை அவையள் தாங்களே நினைப்பினம்." நினைத்தார்கள். மாட்டுப் பண்ணை என்றால் பால் பண்ணை. பத்து நாள் பண்ணையிலும் நாலு நாள் வீட்டிலுமாக நான் வந்து போனபோதெல்லாம், "பாலெல்லாம் எப்பிடிப் போகுது?" என்று கேட்டார்கள். போகுது என்றேன்.

எல்லோரையும்விட அதிகம் கேட்டவர் நேசண்ணை. எங்கள் தெருவில் மரக்கறியும் பலசரக்கும் விற்கும் கடை வைத்திருக்கிறார். மனைவி பூமணி அக்கா கல்லாவில் இருப்பார். நேசண்ணை தொலைபேசியைப் பாண் துண்டு கடிக்கப்போகிறவர்போல வாய்க்கு முன்னால் படுக்கையாகப் பிடித்துக்கொண்டு, பக்கத்து நாட்டுக்கும் கேட்கும்படி கதைப்பார். அவர் கதையில் பாதி "ஓம்". யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஆம் என்பதில்லை, ஓம் என்போம். நேசண்ணை அதையே நீட்டியும் குறுக்கியும், சம்மதத்துக்கும் சந்தேகத்துக்கும் சலிப்புக்கும் பாவிப்பார்.

ஒரு தைப்பொங்கலுக்கு அவர் கேட்டார். "எட சிவம், உன்ரை பண்ணைப் பால் ஒரு சட்டி கொண்டு வாவன். இந்தப் பெட்டிப் பாலிலை பொங்கி என்ன ருசி?"

வரும்போது மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பவளம் விடவில்லை. கடையில் பால் வாங்கி, பெட்டிகளை வெட்டி, மூடியுள்ள தகரச் சட்டியில் ஊற்றித் தந்தாள். நேசண்ணை பொங்கலை வாயில் வைத்து, கண்ணை மூடி, "பண்ணைப் பால் எண்டால் பண்ணைப் பால்தான்" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு சட்டி. புதுவீட்டுக் குடிபூரல்களுக்கும் கேட்டார்கள். பொபினியில் ஒரு வீட்டில் அந்தப் பால் பொங்கி வழிந்த திசையைப் பார்த்துப் பலன் சொன்னார்கள்.

இனிப் பெயர் வந்த கதை.

பிரான்ஸில் வம்சப் பதிவுள்ள மாடுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வருடத்தில் பிறக்கும் கன்றுகள் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர். பெயரைக் கேட்டே வயதைச் சொல்லலாம். அந்த வருடத்து எழுத்து O. பத்ரோன் அந்தக் கன்றுக்கு "ஒர்கெய்" என்று தேர்ந்து வைத்திருந்தார். பெருமிதம் என்று அர்த்தம். பிறப்பு அட்டையை நான்தான் நிரப்பி அனுப்பினேன். பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். பதினொரு வருடம் மற்றவர்கள் விட்ட பிழைகளைப் பிடித்தவன்.

ஒரு வாரம் கழித்துப் பகல் இரண்டு மணிக்குப் பதிவு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அப்போது வேறொரு பசு கன்று ஈன்றுகொண்டிருந்தது. என் இரண்டு கைகளும் முழங்கைவரை சவர்க்கார நுரை. பத்ரோன் கயிற்றின் மறுமுனையில். தொலைபேசி என் தோளுக்கும் காதுக்கும் நடுவில்.

"கன்று உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்டாள் அந்தப் பெண். "வுய்" என்றேன். பிரெஞ்சில் ஓம். "ஆண்தானே?" "வுய்." பிறகு அவள், "நொம்?" என்றாள்.

பெயர் என்பதற்குப் பிரெஞ்சில் அந்த ஒலி. இல்லை என்பதற்கும் காதுக்கு அதே ஒலிதான். இரண்டு தடவை வுய் சொன்ன பிறகும் "இல்லையா?" என்று கேட்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும்.

"ஓம்!" என்றேன்.

"ஓம்?"

தமிழ் தெரிந்த பெண்போலிருக்கிறது என்று நினைத்தேன். "ஓம், ஓம்."

"ஓ, எம்?"

கன்றின் முன்கால்கள் வெளியே வந்துவிட்டன. பத்ரோன் "இழு, இழு!" என்று கத்தினார். நான் "வுய், வுய், ஓம்!" என்று கத்தினேன். அவள், "சின்னப் பெயர், நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பத்து நாளில் கன்றின் கடவுச்சீட்டு அச்சாகி வந்தது. இந்த நாட்டில் மாட்டுக்கும் கடவுச்சீட்டு உண்டு. எனக்குக் கிடைக்க ஒன்பது வருடம் ஆனது. பெயர்: OM. பத்ரோன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். தெற்கே ஒரு துறைமுக நகரத்துக் காற்பந்து அணியைப் பிரான்ஸ் முழுவதும் இதே இரண்டு எழுத்தால்தான் அழைக்கிறது. பத்ரோன் அதன் பரம எதிரியான பாரிஸ் அணியின் ஆள். அவருடைய தொழுவத்தில் அந்தப் பெயரில் ஒரு பிராணி. தீவன லாரிக்காரர் தொடக்கம் தபாற்காரர்வரை எல்லோரும் வாசலில் நின்று அந்த அணியின் பாட்டைப் பாடிவிட்டுப் போனார்கள்.

திருத்த விண்ணப்பம் போடலாம் என்றேன். அதற்கு நாலு பக்கப் படிவம். "எழுதியது எழுதியதுதான்" என்றார். அன்றிலிருந்து அவர் அதைப் பெயராக உச்சரிக்கவில்லை. "ஓ-எம்" என்று எழுத்தெழுத்தாக, பல்வலிக்காரர்போலச் சொன்னார்.

கண்காட்சிக்கு மாடு பழக்குவது பெரிய வித்தை இல்லை. எட்டு மாதத்தில் தலைக்கயிறு போட வேண்டும். முதல் நாள் கட்டி வைத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். இழுத்துப் பார்த்துத் தோற்பது அதன் வேலை. மூன்றாம் நாள் பத்து எட்டு நடத்த வேண்டும், அதற்குமேல் ஓர் எட்டும் கூடாது. ஒரு வயதுக்குப் பிறகு மூக்கு வளையம். தினமும் ஒரே மணிக்குக் கழுவுதல், மயிரை மேல்நோக்கி வாருதல், வால் குஞ்சத்தைச் சிக்கெடுத்து உப்ப வைத்தல். நிற்கும்போது முன்கால்கள் ஒரு கோட்டில், பின்கால்கள் சற்று முன்பின்னாக. நடுவர் பக்கவாட்டில் பார்க்கும்போது முதுகு மேசைபோல இருக்க வேண்டும்.

ஓம் நிற்பதில் மேதை. சந்தியில் வைத்தால் சிலை என்று நினைத்து யாராவது மாலை போடுவார்கள். நடக்காது. கயிற்றை இழுத்தால் கழுத்து நீளும், கால் நகராது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். தள்ளி நின்று "ஓம்" என்று கூப்பிட்டுக் கைநிறைய ஓட்ஸ் காட்டினேன். வந்தது. மறுபடியும் கூப்பிட்டேன், மறுபடியும் வந்தது. ஒரு மாதத்தில் ஓட்ஸ் தேவைப்படவில்லை. பெயரைக் கேட்டாலே நடந்தது.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. வேலியோரம் நின்று பவளத்தோடு தொலைபேசியில் கதைத்தால் ஓம் வந்துவிடும். அவள் கேட்பதற்கெல்லாம் நான் ஓம் என்பதால், ஓர் அழைப்புக்கு ஏழு எட்டு முறை கூப்பிட்டது போலாகும். ஆயிரத்து நூற்றைம்பது கிலோ வேலியில் சாய்ந்து நின்று என் காதுக்குள் மூச்சு விடும். "ஆர் பக்கத்திலை?" என்பாள் பவளம்.

பத்ரோனின் வார்த்தைக்கு ஓம் நடக்கவில்லை. ஓ-எம் என்று ஒருவரை அதற்குத் தெரியாது.

இருபத்தாறு மாதத்தில் பாரிஸ் போட்டிக்குத் தெரிவானது. பத்ரோன் புறப்படுகிற அன்று என்னிடம் சொன்னார். "தொழுவத்தில் ஏற்கெனவே இரண்டு விதைக்காளை இருக்கின்றன. இவரை நான் வைத்திருக்க முடியாது. போட்டியில் வளர்ப்பாளர் யாராவது வாங்கினால் நல்லது. நடக்காத காளை பசுவிடமும் போகாது என்று எல்லோருக்கும் தெரியும். சும்மா நின்றால் இறைச்சித் தரகருக்குத்தான்."

தரகர் நீல மேலங்கிக்காரர். கண்காட்சிக்கு முந்தின நாளே வந்து ஓமின் தொடையைத் தொட்டுப் பார்த்து, "எழுநூறு கிலோ தேறும்" என்றார். நான் மனதுக்குள் எழுநூற்றைந்து போட்டிருந்தேன்.

நான் நூற்றுக்கணக்கான மாடுகளை லாரியில் ஏற்றியவன். இந்த ஒன்றை ஏற்ற விருப்பமில்லை. பத்திரிகையில் என் கண்ணில் படாமல் தப்பிய பிழைகளுக்கு மறுநாள் நாலாம் பக்கத்தில் திருத்தம் போடுவோம். இந்தப் பிழைக்குத் திருத்தம் எந்த இடத்தில் நடக்கும் என்று தெரிந்துவிட்டது.

இதுதான் நிலைமை: காலை பத்து மணி, போட்டி வளையத்தின் வாசல், என் குரல் இல்லை.

பத்ரோன் காளையைப் பின்னாலிருந்து தோளால் தள்ளி வாசல்வரை கொண்டுவந்தார். வளையத்துக்குள் தள்ளுவது விதிக்கு மாறு. வெளியிலிருந்து மாட்டை அதட்டுவதும் மாறு. முன்னால் போன காளையின் வாலைப் பார்த்தபடி ஓம் உள்ளே பன்னிரண்டு எட்டு வைத்தது. அந்த வால் திரும்பியதும் நின்றது. பதினொரு காளைகளில் பத்து வட்டமாக நடந்தன. ஒன்று நடுவே நின்றது. மற்றவை அதைச் சந்திச் சிலைபோலச் சுற்றிப் போயின.

நான் அதன் காதில் ஓம் என்றேன். காற்று வந்தது. காளை காதை ஆட்டி, ஈயை விரட்டுவதுபோல என் ஓமை விரட்டியது.

நடுவர் ஓர் அம்மையார். கையில் ஒலிவாங்கி. ஓமைச் சுற்றி வந்தார், இடுப்பை அமுக்கினார், தொடையைத் தட்டினார். மண்டபம் முழுவதும் கேட்கும்படி, "மிக அழகான உடல். ஆனால் இவருக்குக் கால் இருக்கிறதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை" என்றார். சனம் சிரித்தது. தரகர் வேலியோரம் நின்று குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். பத்ரோன் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தார். அது அவருடைய துக்கம்.

அப்போதுதான் முன்வரிசை ஆசனங்களைக் கவனித்தேன். நேசண்ணையும் பூமணி அக்காவும் இருந்தார்கள். பூமணி அக்காவின் மடியில் அதே மூடிபோட்ட தகரச் சட்டி. நான் அழைக்கவில்லை. நான் கண்காட்சிக்கு மாடு கொண்டு வருவதைப் பவளம் கடையில் சொல்லியிருக்கிறாள். கறந்த சூட்டோடு பால் வாங்கிப் போகலாம் என்று வந்திருக்கிறார்கள்.

பூமணி அக்கா காளையின் கீழ்ப்பக்கத்தை எட்டிப் பார்த்தார். "இஞ்சாருங்கோ," என்று கணவனை இடித்தார். "இதிலை எப்பிடிப் பால் கறக்கிறது? இது காளையெல்லோ!"

நேசண்ணைக்குப் பதில் சொல்ல நேரமில்லை. தொலைபேசி அடித்தது. கடையில் நின்ற மருமகன். நேசண்ணை தொலைபேசியை வாய்க்கு முன்னால் படுக்கப் போட்டார்.

"ஓம்! சொல்லு!"

ஓமின் இரண்டு காதுகளும் திரும்பின.

"ஓம்... ஓம்... முருங்கைக்காய் வந்திட்டுதோ? எத்தினை பெட்டி? ஓ...ம். இறக்கு, இறக்கு. ஓம்!"

காளை நடந்தது. வளையத்தைக் குறுக்கே வெட்டி, தலையை நிமிர்த்தி, கல்யாண வீட்டுக்கு வருகிறவர்போல. கயிற்றைப் பிடித்தபடி நானும் போனேன். நான்தான் நடத்திப் போகிறேன் என்று தெரியாதவர்கள் நினைத்திருக்கலாம். நடுவர் குனிந்து மரத்தூளில் பதிந்த குளம்புகளைப் பார்த்தார். முன்கால் பட்ட இடத்திலேயே பின்கால் பட்டிருந்தது. நல்ல நடைக்கு அதுதான் அடையாளம்.

ஓம் வேலிக்கு மேலால் கழுத்தை நீட்டி, ஈர மூக்கை நேசண்ணையின் தொலைபேசியில் வைத்தது.

"ஐயோ அம்மா! ஓம்... இல்லை, உன்னையில்லை, மாடொண்டு! ஓம், மாடு! ஓம், உண்மையா!"

ஒலிவாங்கியில் நடுவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "இறைச்சி இனத்தில் நாங்கள் தேடுவது இதைத்தான். இந்தத் தொடையைப் பாருங்கள்."

பூமணி அக்கா இருபது வருடம் இந்த ஊரில் கடை நடத்தியவர். இறைச்சிக்குப் பிரெஞ்சில் என்ன சொல் என்று அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது இறைச்சி மாடோ?"

தலையை ஆட்டினேன்.

"அப்ப பால்?"

கையை விரித்தேன்.

நேசண்ணையின் தொலைபேசிக் கதைக்கு நடுவே கையசைவிலேயே குடும்பம் நடத்திப் பழகியவர் பூமணி அக்கா. குரலில்லாத ஆளின் உதட்டை வாசிப்பது அவருக்குச் சிரமமில்லை. "நடக்காட்டி வெட்டுவாங்கள்" என்று உதட்டை அசைத்தேன். காளையின் பெயர்ப் பலகையைக் காட்டினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஓம்? ஓம் எண்டு பேரை வைச்சுப்போட்டு வெட்டுறதோ? எந்தப் பாவி வைச்ச பேர்?"

நான் கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்தேன்.

"பால் கதையைப் பேந்து கதைப்பம்," என்று எழுந்தார். கணவனின் தோளைத் தட்டினார். "எழும்பி நடவுங்கோப்பா! கதைச்சுக்கொண்டு இந்த வேலியைச் சுத்தி நடவுங்கோ!"

"விசரே உனக்கு? அவன் வைச்சிட்டான். ஆரோடை கதைக்கிறது?"

"ஆர்ஜொந்தெய்யிலை இருக்கிற சம்பந்திக்கு எடுங்கோ. அவவோடை நீங்கள் ஓமைத் தவிர வேறை ஒண்டும் சொல்லுறேல்லை."

நேசண்ணை எடுத்தார். சம்பந்தி அம்மாவும் எடுத்தார். எதைப் பற்றி என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா மூச்சு விடாமல் கதைத்திருக்க வேண்டும், ஏனென்றால் மூன்று எட்டுக்கு ஒரு தடவை ஓம் வந்தது. "ஓம் சம்பந்தி... ஓம்... அது ஓம்தான்... ஓ...ம்." வேலிக்கு வெளியே நேசண்ணை, உள்ளே காளை, பக்கத்தில் நான், நேசண்ணைக்குப் பின்னால் வெறுஞ்சட்டியோடு பூமணி அக்கா. ஒரு முழுச் சுற்று. நேசண்ணை நின்றால் காளை நின்றது. கால்கள் தானாக வரிசைப்பட்டன. நேசண்ணை வேகமாக நடந்தால் காளையும் வேகமாக நடந்தது. ஒழுங்கு பார்க்கும் அதிகாரி ஒருவர் ஓடி வந்து நேசண்ணையை நிறுத்தப் பார்த்தார். நேசண்ணை விரலை உயர்த்தித் தொலைபேசியைக் காட்டினார். வெளியிலிருந்து மாட்டை அதட்டக் கூடாது என்றுதான் விதி. சம்பந்தியோடு கதைக்கக் கூடாது என்று இல்லை.

முடிவு: பதினொன்றில் மூன்றாம் இடம். "இன்றைக்கு வளையத்தில் மிகச் சிறந்த நடை இவருடையது. ஏன் இவ்வளவு பிந்திக் காட்டினார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்" என்றார் நடுவர்.

மேற்கே வாந்தே பகுதியிலிருந்து வந்திருந்த ஒரு வளர்ப்பாளர் அரை மணி நேரத்தில் ஓமை வாங்கினார். சாதுவான காளை தேடி வந்தவராம். ஒரு மனிதரின் தொலைபேசிக்குப் பின்னால் வேலியோரம் சுற்றி வருகிற காளையைவிடச் சாதுவாக ஒன்று கிடைக்காது என்றார். அதைக் கூப்பிட வேண்டிய விதத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். ஓ-எம் அல்ல, ஓம், வாயை மூடி முடிக்க வேண்டும். தரகர் குறிப்பேட்டில் எதையோ வெட்டினார்.

பத்ரோன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். என்னைக் கடந்து போனார். நேசண்ணையின் முன்னால் நின்று கைகொடுத்தார்.

"உங்கள் நடை, பா மால்" என்றார்.

நான்காவது அது. ஒரு மனிதரை அவர் "நீங்கள்" என்று அழைத்து நான் கேட்டதும் அந்த ஒரு முறைதான்.

வீடு திரும்பும் மெத்ரோவில் மூவரும் ஒரே வரிசையில் இருந்தோம். சட்டி பூமணி அக்காவின் மடியில். மூன்றாவது நிறுத்தத்தில் அக்கா கேட்டார். "அப்ப அந்தப் பொங்கல் பால் எங்கத்தைப் பால்?"

கண்காட்சிப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதி நீட்டினேன். பிழையில்லாமல் எழுதினேன்: "உங்கள் கடைப் பால். குளிர்ப்பெட்டியின் இரண்டாம் தட்டு. பவளம் வாங்கினவ."

நேசண்ணை வாசித்தார். அக்காவிடம் கொடுத்தார். திரும்ப வாங்கி மறுபடியும் வாசித்தார். நான் கதவைப் பார்த்தபடி இருந்தேன். இறங்க ஆறு நிறுத்தம் இருந்தது.

"எல்லாப் பொங்கலுக்கும்?"

தலையை ஆட்டினேன்.

"பொபினிக் குடிபூரலுக்கும்?"

அதற்கும்.

நேசண்ணை நெஞ்சை நிமிர்த்தினார். "அப்ப என்ரை பால் நல்ல பால்தானே!"

"இறைச்சி மாடு எண்டதை வெளியிலை சொல்லாதையுங்கோ" என்றார் பூமணி அக்கா, என்னிடம் அல்ல, அவரிடம். "சொன்னால் எங்கடை பொங்கலும் சேர்ந்தெல்லோ நாறும்."

வீட்டில் பவளம் கதவைத் திறந்ததும், "அவையளுக்குத் தெரிஞ்சு போச்சோ?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். "மாடு தப்பிச்சுதோ?" அதற்கும் ஆட்டினேன். வாய் திறந்து ஓம் சொல்ல ஐந்து நாள் ஆனது.

வாந்தே வளர்ப்பாளர் ஒவ்வொரு வருடக் கடைசியிலும் எனக்கு ஒரு தபால் அனுப்புகிறார். அந்த வருடம் பிறந்த கன்றுகளின் கடவுச்சீட்டு நகல்கள். சென்ற முறை வந்தவை முப்பத்தொன்று. பழைய பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெயர்கள் எல்லாம் அந்த வருடத்து எழுத்தில் சரியாகத் தொடங்குகின்றன. தந்தை என்ற கட்டத்தில் முப்பத்தொன்றிலும் ஓம் என்று அச்சாகியிருக்கிறது.